ஸைப்ரஸ் தைலமும் மருந்து என்ற பெயரும்

பெங்களூர் நகரத்தின் பழைய பங்களாத் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் கூம்பு போல நிமிர்ந்து நிற்கும் ஸைப்ரஸ் மரத்தைக் காணாதவர் இரார். நகரம் கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், குளிர்ந்த நாடுகளின் மரங்களில் பல அங்கே ஒருவாறு தழைத்து வளர்கின்றன. உதகையிலும் கொடைக்கானலிலும் இம்மரத்தின் இனங்கள் இன்னும் செழிப்பாக வளர்கின்றன. சிறு தழையொன்றைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால், வர்ணம் பூசுவோர் கையாளும் டர்ப்பன்டைனையும் பச்சை எலுமிச்சைத் தோலையும் ஒருசேர நினைவூட்டும் கூரிய மணம் எழும். இம்மணத்திற்குக் காரணமான ஆவித் தைலத்தைச் சிறு புட்டிகளில் அடைத்து இன்று கடைகளில் விற்கின்றனர். மூலம், கால் நரம்புச் சுருட்டல், தீராத இருமல், வாதவலி, மனக்கலக்கம் ஆகியவற்றுக்கெல்லாம் இது கைகண்ட மருந்து என்று விற்பவர் கூறுவதும் வழக்கமாகி வருகிறது.

இந்தப் பேச்சு கடைத்தெருவோடு நின்றுவிடுவதில்லை. மலைப்பகுதியில் பணியாற்றும் வனத்துறை ஊழியரிடமும் தோட்டக்கலை ஊழியரிடமும் விவசாயி வந்து, ஸைப்ரஸ் நட்டுத் தைலம் வடித்தால் மருந்துக் கம்பெனிகள் வாங்குமா என்று கேட்கிறார். வேலி ஓரத்து மரத்தைச் சுட்டி, இதன் எண்ணெயைத் தம்பிக்கு மார்பில் தடவலாமா என்று மாணவன் ஆசிரியரைக் கேட்கிறான். இருவருக்கும் சொல்லத்தக்க நேர்மையான விடை ஒன்று உண்டு. ஸைப்ரஸ் தைலம் நல்ல வாசனைப் பொருள். மருந்து என்ற பெயரை அது இன்னும் ஈட்டவில்லை. இவ்விடை பலருக்கும் உவப்பாக இராது என்பது உண்மையே. ஆயினும், அதற்கான காரணங்களை ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்து வைத்திருத்தல் அவசியம்.

முதலில் மரம் எது என்பதே ஒரு கேள்வி. மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் குப்ரஸஸ் ஸெம்பர்விரென்ஸ் என்னும் மரத்தின் தைலமே உலகச் சந்தையில் ஸைப்ரஸ் தைலம் எனப் பெயர் பெற்றது. நம் நாட்டின் இமயமலைச் சரிவுகளில் இயற்கையாக வளர்வது குப்ரஸஸ் டோருலோஸா என்னும் வேறோர் இனம். நீலகிரியில் நடப்பட்டவற்றுள் கலிபோர்னியாக் கரையிலிருந்து வந்த மக்ரோகார்ப்பா இனமும் உண்டு. மூன்றும் ஸைப்ரஸ்தான்; ஆனால் மூன்றின் தைலமும் ஒன்றல்ல. ஓர் இனத்தைப் பற்றி அயல்நாட்டு நூலில் எழுதியதை வேறோர் இனத்தின் மேல் ஏற்றிக் கூறுவது, பசுவின் பாலைப் பற்றி எழுதியதை எருமைப் பாலுக்குப் பொருத்துவதைக் காட்டிலும் பெரிய பிழையாகும்.

பெயர்க் குழப்பம் இத்துடன் முடிவதில்லை. வர்ஜீனியா ஸீடர் தைலம் என்று விற்கப்படுவது உண்மையில் ஸீடர் மரத்திலிருந்து வருவதன்று. அது ஸைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஜூனிப்பர் மரத்தின் தைலம். இமயமலையில் வளரும் தேவதாருவே உண்மையான ஸீடர். அதுவோ பைன் குடும்பத்தைச் சேர்ந்தது. பள்ளித் தோட்டங்களில் தூஜா என்று வழங்கும் விசிறித் தழைச் செடியும் ஸைப்ரஸ் குடும்பமே. ஆனால் அதை இன்று தாவர நூலார் பிளாடிகிளாடஸ் என்னும் தனிப் பேரினமாக வைக்கின்றனர். புட்டியின் மேல் தாவரப் பெயர் அச்சிடப்படாதிருந்தால், உள்ளே இருப்பது எம்மரத்தின் தைலம் என்று எந்த நிபுணராலும் பெயரைக் கொண்டு மட்டும் கூற இயலாது.

இனி, தைலம் எவ்வாறு கிடைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். இளங்கிளைகளையும் தழையையும் வாலையில் இட்டு நீராவியைச் செலுத்துவார்கள். நீராவியோடு சேர்ந்து தைலமும் ஆவியாகிக் குளிர்ந்த குழாயின் வழியே சென்று திரவமாகிறது. தைலம் நீரோடு கலவாமல் மேலே மிதப்பதால் அதைப் பிரித்தெடுப்பது எளிது. நூறு கிலோகிராம் பசுந்தழையிலிருந்து கிடைக்கும் தைலம் பெரும்பாலும் ஒரு கிலோகிராமுக்கும் குறைவே. ஆவியாகக்கூடிய பொருள்கள் மட்டுமே இவ்விதம் வெளிவரும். மாவுச்சத்து, உப்புகள், டானின் என்னும் துவர்ப்புச் சத்து ஆகியவை வாலையின் அடியிலேயே தங்கிவிடும்.

இச்சிறு உண்மை ஸைப்ரஸ் மரத்தின் மருத்துவப் புகழில் பாதியைத் தீர்த்துவிடுகிறது. ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் மூலத்திற்கும் நரம்புச் சுருட்டலுக்கும் கையாளப்பட்டது ஸைப்ரஸ் மரத்தின் காய். அதாவது பச்சையான கூம்புக் காய். அக்காய் மிகவும் துவர்ப்பானது. துவர்ப்புப் பொருள் தோலையும் சவ்வையும் சுருங்கச் செய்யும். நம் நாட்டில் கடுக்காயும் மாதுளைத் தோலும் எதற்காகப் பயன்பட்டனவோ, அதற்காகவே அங்கே இக்காயும் பயன்பட்டது எனலாம். அந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானின் ஆவியாவதில்லை. ஆகவே தைலத்தில் அது இருக்க முடியாது. காயின் கஷாயத்துக்குச் சொல்லப்பட்ட குணத்தைத் தழையின் தைலத்துக்கு ஏற்றி விற்பது, கடுக்காயைப் புகழ்ந்து பன்னீரை விற்பது போலாகும். கஷாயம் உண்மையிலேயே மூலத்தைத் தீர்க்குமா என்பது வேறு கேள்வி. தீர்த்தாலும் அந்தப் பெருமை தைலத்தைச் சேராது.

அப்படியானால் தைலத்தில் இருப்பது என்ன? அதில் மிகுதியாக உள்ளது ஆல்ஃபா பைனீன் என்னும் பொருள், அடுத்தது டெல்டா-3-கேரீன். ஸீட்ரால் என்னும் கனத்த ஆல்கஹால் சிறிதளவு இருந்து மணத்தை நெடுநேரம் நிலைக்கச் செய்கிறது. பைனீன் நமக்குப் புதிதன்று. பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் டர்ப்பன்டைனின் முக்கியப் பொருளும் அதுவே. விலை மலிந்த டர்ப்பன்டைனை விலை உயர்ந்த ஸைப்ரஸ் தைலத்தில் கலப்பது இதனால் எளிதாகிறது. முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிப்பதோ கடினம். மேலும் பைனீனும் கேரீனும் காற்றோடும் வெளிச்சத்தோடும் நாளடைவில் சேர்ந்து மாறுதல் அடைகின்றன. அவ்வாறு பழகிப்போன தைலம் தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும். டர்ப்பன்டைன் கையாண்ட வர்ணத் தொழிலாளர்களின் கைகளில் உண்டான கரப்பானுக்கு இதுவே காரணம் என்று கண்டறியப்பட்டுள்ளது. பாதி தீர்ந்த புட்டியை ஜன்னலோரம் வைத்துப் பல மாதங்கள் உபயோகிப்பவர்கள் இதை அறிந்திருத்தல் நலம்.

மருந்து என்ற பெயர் ஒரு தைலத்துக்கு எவ்வாறு வருகிறது, எவ்வாறு போகிறது என்பதற்குப் பெங்களூரிலேயே சிறந்த சான்று உண்டு. அது சந்தனத் தைலத்தின் வரலாறு. சந்தனம் ஸைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எனினும் இங்கே அது தரும் படிப்பினை மிகவும் பொருத்தமானது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது, மைசூர்ச் சந்தனக் கட்டைக்கு முக்கியச் சந்தையாயிருந்த ஜெர்மனியுடன் வாணிகம் அற்றுப்போயிற்று. ஏலத்தில் போகாத கட்டைகள் கிடங்குகளில் தேங்கின. மைசூர் சமஸ்தானத்தின் கைத்தொழில் டைரக்டராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன், இந்திய விஞ்ஞானக் கழகத்தின் உதவியை நாடினார். அங்கே பேராசிரியர் ஸட்பரோவும் வாட்ஸனும் கட்டையிலிருந்து தைலம் வடிக்கும் முறையைச் செப்பம் செய்தனர். 1916-இல் பெங்களூரிலும், பின்னர் மைசூரிலும் சர்க்கார் தைலத் தொழிற்சாலைகள் எழுந்தன.

அக்காலத்தில் சந்தனத் தைலம் வெறும் வாசனைப் பொருளாக மட்டும் மதிக்கப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மேகவெட்டை நோய்க்கு அதைச் சிறு கூடுகளில் அடைத்து உட்கொள்ளக் கொடுத்து வந்தனர். பிரிட்டிஷ் பார்மகோபியா என்னும் அதிகாரபூர்வமான மருந்து நூலிலும் அது இடம் பெற்றிருந்தது. படித்த டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நோயாளிகள் எரிச்சல் தணிந்ததாகச் சொன்னார்கள். அந்நோயின் குறிகள் சில வாரங்களில் தாமாகவே அடங்குவதும் உண்டு என்பதை அன்று யாரும் தைலத்தின் கணக்கிலிருந்து கழித்துப் பார்க்கவில்லை. முதுகுவலியும் சிறுநீரக எரிச்சலும் அத்தைலத்தால் உண்டாவதைச் சிலர் குறித்து வைத்தனர். 1930-களின் இறுதியில் ஸல்ஃபா மருந்துகளும், 1940-களில் பெனிசிலினும் வந்தன. கிருமியை நேரே அழிக்கும் மருந்து கிடைத்தவுடன் தைலக் கூடுகள் மறைந்தன. பெனிசிலினுக்கும் பின்னர் அதே கதி நேர்ந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அக்கிருமி அதை எதிர்க்கப் பழகிக்கொண்டதால், இன்று வேறு மருந்துகளே அந்நோய்க்குக் கொடுக்கப்படுகின்றன. பழையது என்பதற்காகச் சந்தனத் தைலம் ஒதுக்கப்படவில்லை. புதியது என்பதற்காகப் பெனிசிலின் காக்கப்படவுமில்லை. நோயாளியின் உடலில் கிருமி அழிந்ததா என்ற ஒரே அளவுகோல் இரண்டையும் அளந்தது.

மருந்துப் பெயரை இழந்ததால் சந்தனத் தைலம் கெட்டுவிடவில்லை. 1918 முதல் பெங்களூரில் செய்யப்பட்டு வரும் மைசூர் சந்தன சோப்பின் புகழுக்கு மருத்துவப் பெருமை எதுவும் தேவைப்படவில்லை. அத்தைலத்தின் தரமும் இன்று எண்ணிக்கையில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 சதவீதமும், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதமும் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தரக் குறிப்பு விதிக்கிறது. தன் மணத்தைத் தன் மணமாகவே விற்பதில் இழிவு ஒன்றுமில்லை. ஸைப்ரஸ் தைலத்தை விற்பவர்களும் இவ்வழியையே பின்பற்றலாம்.

ஸைப்ரஸ் தைலத்துக்கும் இதே போன்ற பழைய கதை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கக்குவான் இருமல் கண்ட குழந்தைகளின் தலையணையில் இத்தைலத்தைத் தெளிப்பது வழக்கம். மணம் மூக்கைத் திறந்து சற்றே ஆறுதல் அளித்திருக்கலாம். ஆனால் 1906-இல் பெல்ஜிய நாட்டு விஞ்ஞானிகளான போர்டே, ஷாங்கு ஆகியோர் அந்நோயின் கிருமியை வளர்த்துக் காட்டினர். பின்னர் தடுப்பூசி பிறந்தது. நம் நாட்டில் இன்று 6, 10, 14 வாரக் குழந்தைகளுக்குப் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவானுக்கு எதிரான மருந்தும் அடங்கியுள்ளது. தலையணையில் தெளித்த தைலம் எந்தக் குழந்தையையும் கக்குவானிலிருந்து காத்ததாகச் சான்றில்லை. இருமலுக்கு ஸைப்ரஸ் என்று எழுதும் சீட்டுகள் இந்தப் பழைய வழக்கத்தின் எதிரொலியே.

ஆராய்ச்சிச் சாலைகளில் இத்தைலம் கிருமிகளைக் கொன்றதாக வந்த கட்டுரைகள் உள்ளனவே என்று சிலர் வினவுவர். உள்ளன. கண்ணாடித் தட்டில் வளர்த்த பாக்டீரியாவின் மேலும் பூஞ்சையின் மேலும் தைலத்தை நேரே இட்டால் அவற்றுள் சில மடிகின்றன. ஆனால் தட்டு உடலன்று. தட்டில் தேவைப்பட்ட அளவுத் தைலம் இரத்தத்தில் இருக்க வேண்டுமானால், கிருமி மடிவதற்கு முன்பே மனிதன் நோயுறுவான். வயிற்றில் சென்ற தைலத்தைக் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றுகிறது என்பதையும் மறத்தலாகாது. தட்டில் கண்ட பயன் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகுமே தவிர முடிவாகாது. நேர்மையாகத் தொடங்கிய ஆராய்ச்சி எங்கே கொண்டு செல்லும் என்பதற்கும் இதே குடும்பத்தில் ஓர் உதாரணம் உண்டு. தைவான் தீவின் ஹினோக்கி மரத் தைலத்தை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி டெட்ஸுவோ நோஸோயே, 1930-களில் ஹினோக்கிடியால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். ஏழு கார்பன் அணுக்கள் வளையமாக அமைந்த அதன் விசித்திரமான கட்டமைப்பு, ரசாயனத்தில் ஒரு புதிய பிரிவுக்கே வழிவகுத்தது. அவர் புட்டியின் புகழைப் பாடவில்லை. அதனுள் இருந்த பொருளைப் பிரித்துப் பார்த்தார்.

பயன் ஐயத்துக்குரியது என்பதோடு விஷயம் முடிந்துவிட்டால் இதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஆபத்தும் உண்டு. ஸைப்ரஸ் குடும்பத்தின் எல்லா மரங்களும் சாதுவானவை அல்ல. வட அமெரிக்காவின் தூஜா ஆக்ஸிடென்டாலிஸ் மரத்தின் தழைத் தைலத்தில் தூஜோன் என்னும் பொருள் மிகுந்திருக்கிறது. அளவு மீறினால் அது வலிப்பை உண்டாக்கும். ஸாவின் எனப்படும் ஜூனிப்பர் இனத்தின் தைலம் கொடிய விஷம். ஐரோப்பாவில் கருவைக் கலைப்பதற்காக அதை உட்கொண்ட பெண்கள் உயிரையே இழந்திருக்கின்றனர். உண்மையான ஸைப்ரஸ் தைலம் அத்தகைய விஷமன்று. ஆனால் பெயர்கள் இவ்வளவு குழம்பிக் கிடக்கும் சந்தையில், புட்டிக்குள் இருப்பது எது என்பதற்கு யார் பொறுப்பு?

வலிப்பு என்பது இங்கே வெறும் நூற்பேச்சு அன்று. பெங்களூர் நரம்பு மருத்துவர்கள் முன்னின்று, தென்னிந்தியாவின் நான்கு மருத்துவமனைகளில் நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வு ஒன்று 2021-இல் வெளியாயிற்று. வலிப்புக் கண்டு வந்த வயது வந்த நோயாளிகள் 350 பேரை விசாரித்ததில், 55 பேருக்கு அது ஆவித் தைலங்களின் உபயோகத்தோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. அவற்றுள் ஸைப்ரஸ் தைலம் இல்லை. யூகலிப்டஸ் தைலமும் கர்ப்பூரமும் கலந்த பொருள்களே அவை. தலைவலிக்கும் சளிக்கும் வீட்டுக்கு வீடு கையாளும் பொருள்கள் என்பதுதான் இதில் கவலைக்குரியது. நாட்கணக்கில் தடவியும் முகர்ந்தும் வந்தவர்களில் பலர், அதை ஒரு மருந்தாகவே கருதாததால் டாக்டரிடம் சொல்லவும் இல்லை. டாக்டர்கள் கேட்டறிய வேண்டியிருந்தது. நீலகிரித் தைலத்துக்கு இருக்கும் நல்ல பெயரே இந்த அசட்டைக்குக் காரணம். அதே நல்ல பெயரை ஆராயாமல் இன்னொரு தைலத்துக்கும் கொடுப்பது விவேகமாகாது.

குழந்தைகளின் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். யூகலிப்டஸ் தைலம் ஒரு தேக்கரண்டி உள்ளே சென்றாலே சிறு குழந்தைக்கு ஆபத்து நேரக்கூடும். ஸைப்ரஸ் போன்ற பைனீன் தைலங்களை விழுங்கினால், அவை மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கும். அத்தகைய வேளையில் குழந்தையை வாந்தி எடுக்கச் செய்வது தீமையைப் பெருக்கும். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்வதே செய்யத்தக்கது. இந்த ஒரு செய்தியைப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் சொன்னாலும் போதும், இக்கட்டுரை பயன்பட்டதாகும்.

நாட்டு வைத்திய மரபையே இது பழிப்பதாகச் சிலர் கருதக்கூடும். அக்கருத்து பொருந்தாது. மரபு வைத்தியத்தில் இன்ன மரம், இன்ன உறுப்பு, இன்ன பக்குவம், இன்ன அளவு, இன்னாருக்கு ஆகாது என்று வகுத்துச் சொல்லும் ஒழுங்கு உண்டு. கடையில் விற்கும் ஸைப்ரஸ் புட்டியில் அந்த ஒழுங்கும் இல்லை, நவீன மருத்துவத்தின் பரிசோதனையும் இல்லை. இரண்டிலிருந்தும் பெயரை மட்டும் கடன் வாங்கியுள்ளனர். வாசனைப் பொருள் என்றோ அழகுப் பொருள் என்றோ விற்கும் சரக்கை நோய் தீர்க்கும் மருந்தாக விளம்பரம் செய்ய முடியாது. குறிப்பிட்ட பல நோய்களைத் தீர்ப்பதாகச் செய்யும் விளம்பரங்களைத் தடுக்க 1954-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருப்பதை அறிந்த ஊழியர்கள் சிலரே என்பது வருந்தத்தக்கது.

ஊழியரிடம் விவசாயி கேட்ட கேள்விக்கு வருவோம். மருந்துக்கென்று ஸைப்ரஸ் நடும்படி அவருக்கு இன்று யோசனை கூறுவது தவறு. காற்றுத் தடுப்புக்கும் வேலிக்கும் கட்டைக்கும் அம்மரம் பயன்படும். வெட்டிக் கழிக்கும் தழையிலிருந்து வாசனைத் தைலம் எடுப்பது உபரி வருமானமாக அமையலாம். ஆனால் வாலைக்கும் விறகுக்கும் ஆகும் செலவை முதலில் கணக்கிட்டு, வாங்குவோர் யார் என்பதையும் நிச்சயித்துக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். தைலத்தின் உட்பொருள்களை அளந்து காட்டக் கருவிகள் உண்டு. வாசனைத் தாவரங்களை ஆராயும் மத்திய நிறுவனத்தின் கிளையும், மரங்களை ஆராயும் மத்திய நிறுவனம் ஒன்றும் பெங்களூரிலேயே உள்ளன. முதல் வடிப்பை விற்பதற்கு முன் அதன் பகுப்பாய்வைப் பெறும்படி ஊழியர் தூண்டலாம்.

ஆசிரியருக்கு இது அருமையான பாடப் பொருள். வடிகட்டும் காகிதத்தில் ஒரு துளி தேங்காய் எண்ணெயும், அருகே ஒரு துளி யூகலிப்டஸ் தைலமும் இட்டு மாணவர்களைக் காத்திருக்கச் செய்யலாம். யூகலிப்டஸ் கறை சிறிது நேரத்தில் மறையும். தேங்காய் எண்ணெய்க் கறை மறையாது. ஆவித் தைலத்தில் சமையல் எண்ணெய் கலந்திருந்தால் இவ்விதம் தெரிந்துவிடும். டர்ப்பன்டைன் கலந்திருந்தால் தெரியாது. அது ஏன் தெரியாது என்று கேட்பது அடுத்த பாடம். பிறகு பள்ளித் தோட்டத்துத் தூஜாவின் தழையையும், கிடைத்தால் ஸைப்ரஸ் தழையையும் ஒரு கிளை சவுக்கையும் மேஜை மேல் வைத்து, இவற்றில் எவை ஒரே குடும்பம் என்று விசாரிக்கலாம். பெரும்பாலான மாணவர்கள் சவுக்கையும் சேர்த்துச் சொல்வார்கள். சவுக்கு பூக்கும் மரம் என்று விளக்கும்போது, தோற்றத்தைக் கொண்டு பெயரிடுவதில் உள்ள இடர்ப்பாடு அவர்களுக்குத் தானே விளங்கும்.